நாலு எருமையும் நலம்

சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், தம்பி, இன்றைக்கு இந்தப் பந்தியில் எனக்கு இலை விழ வேண்டாம். போளி, வடை, பாயசம் எதுவும் வேண்டாம். எழுபத்தொன்பது வயதில் இதைவிடப் பெரிய சத்தியம் என்னால் செய்ய முடியாது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடுகிறது. இப்படி என் இடது பக்கம் வாருங்கள், அந்தக் காதுதான் கேட்கும். முதல் பந்தி எழுந்திருக்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சாம்பார் வாளி இப்போதுதான் போகிறது.

நீங்கள் யார் வீட்டு ஆள்? பேத்தி புருஷனோடு ஆபீசில் வேலையா? நல்லதாகப் போயிற்று. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்ல முடியாது.

மேடையில் மாலைகளுக்குள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, தெய்வசிகாமணி, எண்பது முடிந்து சதாபிஷேகம். அவருக்குக் கழுத்து தெரிகிறதா உங்களுக்கு? எனக்குத் தெரியவில்லை. ஏழு மாலை எண்ணினேன், எட்டாவது வந்துகொண்டிருக்கிறது. எனக்கும் எண்பது வரப் போகிறது, பத்து மாதம் இருக்கிறது. அதை யார் நடத்தப் போகிறார்கள் என்று நீங்களும் கேட்க வேண்டாம், நானும் சொல்லப் போவதில்லை.

வாசலில் ஒரு விழா மலர் கொடுத்தார்களே, பார்த்தீர்களா? நாலாம் பக்கம் புரட்டுங்கள். ‘ஜப்பானியர் படையெடுப்பு அபாயத்தைத் துச்சமாக மதித்து, உயிரைப் பணயம் வைத்து, தன்னந்தனியாகச் சென்னைக்குள் நுழைந்த தீரர்.’ அமெரிக்காவில் இருக்கிற பேரன் எழுதியது. பையன் மேல் தப்பில்லை. பிறந்ததிலிருந்து அவன் காதில் இதைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீரரைச் செய்தது யார் தெரியுமா? நான். இந்தக் கையால், பதினைந்து தபால் கார்டில்.

நாற்பத்திரண்டாம் வருஷம். நாங்கள் புரசைவாக்கத்தில் ஒரே தெரு. எனக்கு டிராமில் கண்டக்டர் வேலை. காக்கிச் சட்டை, தோல் பை, விசில். சிகாமணி சௌகார்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அருணகிரி முதலியார் வீடு. அவர் கீழ்ப்பாக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் பம்பு ஓட்டுகிறவர். அவருக்கு ஒரே பெண். வடிவாம்பாள். வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிகாமணியின் அம்மா அருணகிரி முதலியாருக்குக் கூடப்பிறந்த தங்கை. ஆக, வடிவு அவனுக்கு மாமன் மகள். அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்தது. அவன் என்ன செய்து அவளைச் சம்பாதித்தான் என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை. சரியான வயிற்றில் பிறந்தான், அவ்வளவுதான். நான் எதிர்வீட்டில் பிறந்தேன். எதிர்வீட்டுக்கு முறை கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் நான் ‘பொன்னுரங்கண்ணா’. வடிவு மட்டும் அப்படிக் கூப்பிடவே மாட்டாள். ‘ஏங்க’ என்பாள், இல்லாவிட்டால் ‘கண்டக்டரே’ என்பாள். அண்ணா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட வாயில் வந்ததில்லை. ஐம்பத்தாறு வருஷமாக நான் இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினம். ஏரோப்ளேன் கப்பலிலிருந்தே கிளம்பி வந்து போட்டுவிட்டு, திரும்பவும் கப்பலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். விமானந்தாங்கிக் கப்பல் என்ற சொல்லையே அப்போதுதான் கேள்விப்பட்டோம். கடலில் ஒரு மைதானம் மிதந்து வருகிறது, அதன் மேல் அறுபது எழுபது ஏரோப்ளேன் என்றால் யார்தான் ஊரில் இருப்பார்கள்? அவசியம் இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று சர்க்கார் சொல்லிற்று. யார் அவசியம் என்று சொல்லவில்லை. அதனால் எல்லாரும் போனார்கள். மிருகக்காட்சிசாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சிங்கத்தையும் புலியையும் சுட்டுவிட்டார்கள். காக்காய்கூடப் போய்விட்டது தம்பி. மொட்டைமாடியில் வடாம் காய்கிறது, கொத்த ஒரு காக்காய் இல்லை. புரசைவாக்கத்துக் காக்காய் அத்தனையும் செங்கல்பட்டில் ஒரு புளியமரத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

நான் போகவில்லை. வேலைக்கு வராதவன் பேரை அடித்துவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள், அதனால் எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. காலி டிராமில் நின்றுகொண்டு மணி அடித்தேன். ஒரு நாள் முழுக்க ஒரே ஒருத்தர் ஏறினார். பார்த்தால் அவர் டிக்கெட் பரிசோதகர். பாவம், வந்ததற்கு ஏதாவது பரிசோதிக்கட்டுமே என்று எனக்கே ஒரு டிக்கெட் கிழித்துக் காட்டினேன்.

அதோடு ஏ.ஆர்.பி. வார்டன் வேலையும் எடுத்துக்கொண்டேன். குண்டு விழுந்தால் ஜனங்களைக் காப்பாற்றுகிற உத்தியோகம். தகரத் தொப்பி கொடுத்தார்கள். எங்கள் தெருவையே கேட்டு வாங்கினேன். வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. அருணகிரி முதலியார் வீட்டில் மூன்று ஜன்னல். தினம் சாயங்காலம் பார்த்தேன். ஜப்பான்காரன் வந்திருந்தால் அவனுக்கு மதராஸ் முழுக்கத் தெரிந்திருக்கும், அந்த மூன்று ஜன்னல் மட்டும் தெரிந்திருக்காது.

சிகாமணி போனான். வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதையும் விட்டுவிட்டுப் போனான். அம்மாவுக்கு இளைப்பு, அவளைத் தனியாக அனுப்ப முடியாது என்றான். இருக்கட்டும், இளைப்பு யாருக்குத்தான் இல்லை? வந்தவாசிக்கு அந்தப் பக்கம் அவன் அப்பா வழியில் கொஞ்சம் நிலம் இருந்தது, அங்கே கிளம்பினார்கள். அருணகிரி முதலியார் நகர முடியாது. தண்ணீர் இறைக்கிறவர் ஓடிவிட்டால் ஊர் என்ன குடிக்கும்? அவர் இருந்தால் பெண்சாதியும் பெண்ணும் இருந்தார்கள். எழும்பூர் ஸ்டேஷனில் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவர் மருமகனைப் பார்த்து, கட்டிக்கொள்ளப் போகிறவளை விட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு நான் ஏன் பெண் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். தங்கைக்காரி ஏதோ திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான், அண்ணன் தங்கை பேச்சு அறுந்துபோயிற்று. அவனாக வந்து என் முன்னால் நின்றால் ஒழிய ஒரு வரி எழுத மாட்டேன் என்று பெரியவர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் எழுதுகிற வழக்கம் அப்போது கிடையாது. ஆக, இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சம் இருந்தவன் நான் ஒருத்தன்.

சிகாமணி ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

“வாரா வாரம் ஒரு கார்டு போடுடா பொன்னு. நீ வான்னு எழுதற அன்னிக்குக் கிளம்பிடுவேன். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். பேப்பர்ல போட்டாக்கூட நம்ப மாட்டேன்.”

பேப்பரை அப்போது ஒருத்தரும் நம்புவதில்லை தம்பி. சிங்கப்பூர் விழாது, விழாது என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள், விழுந்தது. ரங்கூனும் அப்படித்தான். அதற்கப்புறம் ஜனங்கள் பேப்பரைத் தலைகீழாகப் படிக்கப் பழகிவிட்டார்கள். நம்ம பக்கம் ஜெயம் என்று போட்டிருந்தால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். ஆனால் தெரிந்தவன் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தால் அது வேதம்.

யுத்தத்தைப் பற்றிக் கண்டதை எழுதினால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பதால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஜப்பான்காரன் என்றால் சம்பந்தி வீட்டார். விமானந்தாங்கிக் கப்பல் என்றால் எருமை. சித்திரையிலும் வைகாசியிலும் நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். ‘சம்பந்தி வீட்டார் வரும் தேதி தெரியவில்லை. எருமைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்றும் தகவல் இல்லை. அம்மாவின் இளைப்பு எப்படி?’ இதில் என்ன தப்பு?

வைகாசி முடிகிற சமயம் அந்தச் செய்தி வந்தது. பசிபிக் சமுத்திரத்துக்கு நட்ட நடுவில் மிட்வே என்று ஒரு துண்டுத் தீவு. அதைப் பிடிக்க ஜப்பான்காரன் நாலு விமானந்தாங்கிக் கப்பலோடு போனான். மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் ஏரோப்ளேன், பெட்ரோல், வெடிகுண்டு எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, புறப்படப் போகிற நேரம். அமெரிக்காக்காரன் ஏரோப்ளேன் மேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கிற்று. ஐந்தாறு நிமிஷம்தான். மூன்று கப்பல் பற்றிக்கொண்டது. நாலாவதை அன்றைக்குச் சாயங்காலமே போய் முடித்துவிட்டார்கள். அகாகி, காகா, ஸோர்யு, ஹிர்யு. பெயர்களை அப்புறம் லைப்ரரியில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். இதில் மூன்று, கொழும்பில் குண்டு போட வந்த அதே கப்பல்கள். எங்கள் தெருவைக் காலி செய்த கப்பல்கள். அந்த ஒரு நாளோடு அவன் கை ஒடிந்துபோயிற்று. அதற்கப்புறம் மூன்று வருஷம் சண்டை நடந்தது, ஆனால் அவன் அந்த மாதிரி கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்ப வரவே இல்லை.

பேப்பரில் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நாலில் முதலில் இரண்டு போயிற்று என்றார்கள், அப்புறம் மூன்று, ஆடி பிறக்கும்போது நாலு. ஒவ்வொன்று மூழ்கும்போதும் நான் போய் அருணகிரி முதலியாருக்கு வாசித்துக் காட்டினேன். என் வாசிப்பில் கப்பல் மூழ்கினால் நீங்கள் பார்க்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு வேட்டி நனையும். உள்ளே வடிவு மாவு அரைக்கிற சத்தம் நின்றுபோகும். “இனிமே அவன் இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டான் மாமா,” என்பேன். அப்போதெல்லாம் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன், அவர் கவனிக்கவில்லை. கடைசியில் பேப்பரை மடிக்கும்போது, இவ்வளவு ஆகியும் சிகாமணி ஏன் இன்னும் வரக் காணோம் என்று மட்டும் ஒரு வார்த்தை போட்டுவிட்டு எழுந்து வருவேன். ஊர் முழுக்கத் திரும்பிக்கொண்டிருந்தது. காக்காய்கூட வந்துவிட்டது.

அவன் ஏன் வரவில்லை என்கிறீர்களா? அவனுக்குக் கப்பல் மூழ்கவில்லை தம்பி.

தெய்வத்துக்குப் பொதுவாகச் சொல்கிறேன், முதல் கார்டை நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். ‘எருமை இரண்டு செத்துப்போயின. புறப்பட்டு வா.’ எழுதி எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போகிறேன். வடிவு வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு வாரமாக அந்த ஜன்னல்களைக் காத்துக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டீங்களா என்று கேட்டதில்லை, வெயிலில் தகரத் தொப்பி சுடவில்லையா என்று கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அவளாகப் பேசினாள்.

“அத்தானுக்கா எழுதறீங்க? எப்ப வராராம்?”

மேலே நடந்தேன். தபால் பெட்டியின் வாயில் கார்டு பாதி நுழைந்துவிட்டது. அத்தான் எப்ப வராராம். அந்தக் குரலில் இருந்தது பாருங்கள் ஒன்று, அது அந்த வீட்டுக் கறுப்புக் காகிதத்துக்குள் இருந்து எனக்கு ஒரு நாளும் கசிந்ததில்லை. கார்டை வெளியே இழுத்தேன். கிழித்தேன். வேறு கார்டு வாங்கி, நின்ற இடத்திலேயே எழுதினேன். ‘எருமை நாலும் நலம். முன்னைவிடக் கொழுத்திருக்கின்றன. வர வேண்டாம்.’

பசிபிக் சமுத்திரத்துக்கு அடியில், மூன்று மைல் ஆழத்தில் கிடந்த கப்பல்களை ஒரு கார்டில் தூக்கி மேலே கொண்டுவந்து மிதக்கவிட்டேன். ஒரு தடவை இல்லை. பேப்பரில் மூழ்க மூழ்க நான் தூக்கிக்கொண்டே இருந்தேன். எட்டு வாரம் ஜப்பான் கடற்படையை நடத்தியது நான்தான் தம்பி. அவர்களுடைய ராஜாவுக்குக்கூட அந்தக் கப்பல்கள் மேல் அவ்வளவு அக்கறை இருந்திருக்காது.

பொய் என்கிறீர்களா? அமெரிக்காக்காரன் என்ன செய்தான் தெரியுமா? எதிரி எந்தத் தீவுக்குக் குறிவைக்கிறான் என்று கண்டுபிடிக்க, எங்கள் மிட்வேயில் குடிதண்ணீர் இல்லை என்று ஒரு பொய்த் தகவலை அனுப்பினான். ஜப்பான்காரன் அதை ஒட்டுக் கேட்டு நம்பினான், மாட்டிக்கொண்டான். அதைப் புத்தகத்தில் தந்திரம் என்று போட்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி அவன் சொன்னால் தந்திரம், எருமையைப் பற்றி நான் சொன்னால் பொய்யா?

அந்தக் கிராமத்தில் மணியக்காரர் வீட்டுக்கு மட்டும் ஒரு பேப்பர் வரும், மூன்று நாள் கழித்து. அதில் ஜப்பான் கப்பல்கள் போயின என்று போட்டிருந்ததாம். சிகாமணி என் கார்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் விளக்கியிருக்கிறான். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்துப் பரணில் போட்டுவிட்டாராம். அதற்கப்புறம் என் கார்டு வருகிற நாளில் ஊரே கூடிவிடுமாம். அவனே பெருமையாக எழுதியிருந்தான். ‘உன்னை மாதிரி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்’ என்று வேறு ஒரு வரி. அந்த வரிக்காகவே அவனை இன்னும் ஒரு வருஷம் அங்கேயே வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

ஆடி பாதியில் அவனிடமிருந்து ஒரு கடுதாசி. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மா நச்சரிக்கிறாள், நிலவரம் எப்படி, வரலாமா என்று கேட்டிருந்தான். எருமை நலம் என்பது இனிப் போதாது என்று தெரிந்துவிட்டது. மருந்தை அதிகமாக்கினேன். ‘சம்பந்தி வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயமாக வருகிறார்கள். நாலு எருமையும் ஓட்டி வருகிறார்கள். முதலில் இறங்குவது உன் மாமா வேலை செய்யும் தொட்டிப் பக்கம், அடுத்தது அவர் வீடு. ரயிலில் வராதே, ஸ்டேஷன் மேலும் கண் இருக்கிறது. இருக்கிற இடத்தைவிட்டு இன்னும் மேற்கே போய்விடுவது உத்தமம்.’ சித்திரையில் பேர் கேட்டே ஓடினவன், இதைப் படித்தால் மைசூரில் போய்த்தான் நிற்பான் என்று கணக்குப் போட்டேன். எங்கே தப்புச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள், இந்தக் கார்டைப் படித்தால் ஒரு மனுஷன் எந்தத் திசையில் போவான்?

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தெரு கலகலவென்று இருக்கிறது. பையன்கள் பட்டம் விடுகிறார்கள், மாம்பழக்காரி கூடையை இறக்கியிருக்கிறாள். தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி திரும்பிற்று. மாடுகள் வாயில் நுரை. வண்டியில் நின்றபடி ஓட்டிக்கொண்டு வருகிறான் சிகாமணி. தலையெல்லாம் வைக்கோல், கண் இரண்டும் மிளகாய்ப் பழம், இடுப்பில் கரும்பு வெட்டுகிற அரிவாள். ஜப்பான் ஏரோப்ளேனை அரிவாளால் வெட்டப் போகிறானாம். மூன்று நாள் தூங்காமல் ஓட்டி வந்திருக்கிறான். அம்மாவை மணியக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டான். இளைப்புக்கார அம்மாவை விட்டுவிட்டு வந்தவனைத்தான் மலரில் தீரர் என்று போட்டிருக்கிறார்கள்.

வண்டி நிற்பதற்குள் குதித்தான். மாமா ஏறுங்கள், அத்தையை ஏற்றுங்கள், பாத்திரம் பண்டமெல்லாம் கிடக்கட்டும், நாளை விடிந்தால் முதல் குண்டு இங்கேதான் என்று கத்தினான். தெருவே சிரித்தது. மாம்பழக்காரி சொன்னாள்: “எந்த ஊர் ராசா நீ? அவன் கப்பல்ல இப்ப மீன்தான் குடித்தனம் பண்ணுது.”

நானும் சிரித்தேன். எனக்கு அதைவிட நல்ல நாள் வாய்த்ததே இல்லை என்று நினைத்தேன். அரை நிமிஷம் நினைத்தேன்.

வடிவு வாசல்படியில் வந்து நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தெரு பார்க்கிறது, அப்பா நிற்கிறார், எதையும் பார்க்காமல் கேட்டாள்:

“குண்டு விழும்னு தெரிஞ்சா வந்தீங்க?”

“ஆமா.”

“தெரிஞ்சு ஏன் வந்தீங்க?”

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. முட்டாள் மாதிரி சொன்னான்:

“நீ இங்கதானே இருக்கே.”

தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது. மாம்பழக்காரி கூடையை மூடினாள். அருணகிரி முதலியார் தோள் துண்டை எடுத்து அவன் முகத்தைத் தானே துடைத்துவிட்டார். முதலில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டு என்றார். பிறகு உள்ளே திரும்பி, “வடிவு, மாப்பிள்ளைக்கு மோர் கொண்டாம்மா,” என்றார். மாப்பிள்ளை. இத்தனை வாரமாக நான் மாமா, மாமா என்று கூப்பிட்டதற்கு ஒரு நாள்கூடத் திரும்ப வராத சொல்.

யாரடா உனக்கு இப்படி எழுதினது என்று அவர் கேட்டார். சிகாமணி என் பக்கம் திரும்பவே இல்லை. எழுதினவன் பேரைச் சொன்னால் அவனை ஜெயிலில் போட்டுவிடுவார்கள், அவன் நல்ல எண்ணத்தில் எழுதினான், என்னை அறுத்தாலும் சொல்ல மாட்டேன் என்று நின்றான். இன்றுவரை வெளியே ஒருத்தரிடமும் சொல்லவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பெரியவர் என்னை ஒரு தடவை பார்த்தார். எனக்கும் ஒரு டம்ளர் மோர் வந்தது. அதில் உப்பு இல்லை. கல்யாணப் பரபரப்பில் மறந்துவிட்டார்கள் போல.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஜப்பான்காரனுக்குக் கப்பல் இருந்தபோது ஊரில் இருந்தவன் நான். கப்பல் இல்லாதபோது வந்தவன் அவன். கடலுக்கு அடியில் கிடக்கிற எதிரியைப் பார்த்துப் பயப்படாமல் வந்தானாம், அதற்கு ஒரு பெண், அதற்கு எட்டு மாலை, அதற்கு ஒரு மலர். மிட்வேயில் ஜெயித்தவன் அமெரிக்காக்காரன். புரசைவாக்கத்தில் ஜெயித்தவன் சிகாமணி. அந்தக் கப்பல்களால் தோற்றவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், ஜப்பான்காரனும் நானும். அவனாவது போய்ச் சண்டை போட்டான்.

இருங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. இதை என் பெண்சாதியிடம்கூடச் சொன்னதில்லை. நல்லவள், போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், மத்தியானம், வடிவும் அவள் அம்மாவும் என் டிராமில் ஏறினார்கள். வளையல் வாங்கப் போகிறார்கள். அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து உடனே தூங்கி வழிந்தாள். வடிவு பின் பெஞ்சில். மடியில் ஒரு சின்னக் கட்டு, நூல் கட்டியிருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, என் கார்டுகள். அத்தான் பெருமையாக வாசிக்கக் கொடுத்திருக்கிறான். சிநேகிதனைப் பார், எப்படிப்பட்டவன் என்று.

“இந்த நாலு எருமையும் எப்பவோ செத்துப்போச்சு. நீங்கதான் எங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினீங்க,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் பையில் டிக்கெட்டுகளை அடுக்கினேன்.

“அத்தான்கிட்ட நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். அவர் வரக்கூடாதுன்னு வாரா வாரம் கார்டு எழுதியிருக்கீங்க. அத்தனை வாரமும் எங்க வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தீங்க. எனக்கு ஒரு வரி எழுதணும்னு தோணலையா?”

“நீ எதிர்வீடு,” என்றேன். “எதிர்வீட்டுக்கு யாராவது கார்டு போடுவாங்களா?”

அவள் கார்டுக் கட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, “ரெண்டு டிக்கெட் குடுங்க,” என்றாள். கொடுத்தேன்.

இதை எத்தனையோ வருஷம் புரட்டிப் பார்த்துவிட்டேன் தம்பி. நான் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்குத் தபால் எதற்கு? அப்படியே போட்டாலும் தபால்காரன் என்ன நினைப்பான்? அவள் எதற்காகக் கேட்டாள் என்பதுதான் பிடிபடவில்லை. பெண்பிள்ளைகள் பேச்சு.

எழுந்திருங்கள், பந்தி முடிந்து இலை எடுக்கிறார்கள். மூலையில் இடம் பிடியுங்கள், பாயசம் அங்கேதான் முதலில் வரும். இதெல்லாம் உங்களுக்குத்தான், யாரிடமும் வாய்விட வேண்டாம். வாய் தவறிச் சொல்லிவிட்டீர்கள் என்றால், பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவர், செவிடு, பேர் கேட்க மறந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். புரசைவாக்கம் என்றும் சொல்லாதீர்கள். போவதற்கு முன்னால் ஒன்று, உங்களுக்கு வயசுக் கண், நன்றாகத் தெரியும். மேடையில் அவருக்கு வலது பக்கம் அரக்குப் புடவையில் உட்கார்ந்திருக்கிறார்களே அந்த அம்மாள், நீங்கள் நேராகப் பார்க்க வேண்டாம், திரும்புகிற மாதிரி திரும்புங்கள். இந்தப் பக்கம் பார்க்கிறார்களா?

இல்லையா. சரி, போகட்டும். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.